பிரதேச சபைக் கூட்டமும் நமது கடமையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பிரதேச சபைக் கூட்டம். சமயமும் தமிழும் பேசும் இம்மேடையில் இதற்கென்ன இடம் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா நிறைவெய்தியதும் நாம் என்ன செய்கின்றோம்? சனங்களை மண்டபத்தில் கூட்டி, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று வாசிக்கின்றோம். மேளக்காரருக்குக் கொடுத்தது முதல் கற்பூரம் வாங்கியது வரை கணக்கு வருகிறது. கேட்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. கேட்கிறார்கள் என்பதனாலேயே கணக்கும் நேராக இருக்கின்றது. இப்பழக்கத்தை நமக்கு எவரும் சட்டம் போட்டுக் கற்பிக்கவில்லை.

அப்படிப்பட்ட நாம், நமது பாதைக்கும் தண்ணீருக்கும் விளக்குக்கும் உரிய பொதுப்பணம் மாதந்தோறும் பேசப்படுகின்ற ஒரு கூட்டத்தை எட்டிப் பார்த்திருக்கின்றோமா? இங்கு கூடியிருப்போருள் எத்தனை பேர் ஒரு முறையேனும் சபைக் கூட்டத்தில் பார்வையாளராக அமர்ந்திருப்போம்? விடையை அவரவர் மனத்துக்குள் சொல்லிக்கொள்வோமாக.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. செயலகம் அரசாங்க உத்தியோகத்தர்களின் காரியாலயம். கிராம உத்தியோகத்தர் அதனைச் சேர்ந்தவர். சபையோ நமது வாக்கினால் அமைவது. அதன் தலைமையில் இருப்பவர் தவிசாளர். அவருக்குத் துணையாக உப தவிசாளர். வட்டாரங்களிலிருந்தும் கட்சிப் பட்டியலிலிருந்தும் வரும் உறுப்பினர்கள். எழுத்து வேலைகளுக்கும் நிர்வாகத்துக்கும் பொறுப்பாகச் செயலாளர் என்னும் உத்தியோகத்தர். உள்ளூர்ப் பாதை, வடிகால், தெருவிளக்கு, குப்பை அகற்றல், குடிநீர், சந்தை, மயானம், நூலகம், கட்டிட அனுமதி ஆகியவை சபையின் காரியங்கள். சம்பளப் பிரச்சினையோ, பாடசாலைக்கு ஆசிரியர் இல்லாத குறையோ, காணி உறுதியோ சபைக்குரியன அல்ல. இவ்வேறுபாடு தெரியாமல் அங்கே கேட்க வேண்டியதை இங்கேயும் இங்கே கேட்க வேண்டியதை அங்கேயும் கேட்டு அலைவதால், நாள் போகிறதே தவிர காரியம் நடப்பதில்லை.

ஊர்ச்சபை என்பது தமிழருக்குப் புதிதன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 919ஆம், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் இன்றும் நிற்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து வாரியங்களுக்கு ஆள் தெரிந்த முறையை அவை கூறுகின்றன. ஏரியைக் கவனிக்க ஒரு வாரியம். தோட்டத்துக்கு ஒரு வாரியம். பொன்னுக்கு ஒரு வாரியம். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வரக்கூடாது என்று விதித்திருந்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கணக்கின் அருமையை நம்மவர் உணர்ந்திருந்தனர் என்பது பெருமைக்குரியதே. ஆனால் அதே கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது: சொந்தமாக நிலமும் மனையும் உடையவருக்கே குடவோலையில் இடம். நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள் விழவில்லை. பெருமையைச் சொல்லும்போது இதனையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஏனெனில் நிலமில்லாதவர் சபைக்கு வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்பதை மலைநாட்டிலிருக்கும் நாம் அறிவோம்.

இலங்கையில் ஆங்கிலேயர் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் மூலம் பழைய கிராமச் சபைகளுக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். 1931இல் நாட்டிற் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆனால் அதன்பின் 1937ஆம் ஆண்டளவில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களிற் குடியிருந்த இந்தியத் தொழிலாளர் அச்சபைகளின் வாக்குரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். தோட்டம் வேறு, கிராமம் வேறு என்ற வேலி அன்று சட்டத்திலே போடப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. பிரசாவுரிமை இல்லையெனில் வாக்கும் இல்லை. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1988ஆம் ஆண்டுச் சட்டம், 2003ஆம் ஆண்டுச் சட்டம் என்று படிப்படியாக அவ்வுரிமை திரும்பி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒப்பந்தத்தின்படி கப்பலேறிப் போன உறவுகளை எண்ணி இன்றும் கண்கலங்கும் பெரியோர் இச்சபையில் இருக்கின்றார்கள்.

பழைய கிராமச் சபைகள் 1981இல் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உண்டாக்கியது. முதற்றேர்தல் 1991இல் நடந்தது. உள்ளூர் நிர்வாகத்திலும் அபிவிருத்தியிலும் தீர்மானம் எடுக்கும்போது மக்கள் பயனுள்ள முறையிற் பங்குகொள்ள வேண்டும் என்பதே நோக்கமென்று அச்சட்டத்தின் முகப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆயினும் தோட்டத்து மக்களுக்கு அதிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 33ஆம் பிரிவின் காரணமாகத் தோட்டக் குடியிருப்புக்களுக்குச் சபையின் நிதியைச் செலவிட முடியாது என்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்தது. சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் ஆகலாம். ஆனால் தாம் பிறந்த லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு வண்டி கல் கொட்ட முடியாது! இந்தக் குறை 2018ஆம் ஆண்டிலே பாராளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தச் சட்டத்தால் நீங்கிற்று. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து, பாதை, கிணறு முதலிய பொது வசதிகளைத் தோட்ட மக்களுக்கும் சபை செய்து கொடுக்கலாம் என்று வழி திறந்தது.

அவ்வாண்டிலேயே இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரு பெரிய சபைகள் பிரிக்கப்பட்டு, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்னும் புதிய சபைகளுக்கும் 2018 பெப்ரவரி 10ஆந் திகதி தேர்தல் நடந்தது. சபை நம் அண்டைக்கு வந்தது.

நண்பர்களே, இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். திருத்தச் சட்டம் 'செய்யலாம்' என்கிறது. 'செய்தே தீர வேண்டும்' என்று சொல்லவில்லை. 'லாம்' என்பதற்கும் 'வேண்டும்' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைச் சட்டம் கடக்காது. மக்கள்தாம் கடக்க வேண்டும். இந்தத் தோட்டத்துக்குப் பாதை வேண்டும் என்று ஒருவர் எழுத வேண்டும். உறுப்பினர் ஒருவர் அதனைப் பிரேரணையாகக் கொண்டு வர வேண்டும். இன்னொருவர் வழிமொழிய வேண்டும். சபை தீர்மானிக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தோடு பேசி இணக்கம் பெற வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும். இத்தனை படிகளுள் எந்தப் படியில் காரியம் நின்றுபோயிற்று என்று அறிய வேண்டுமாயின், சபை கூடும்போது நாம் அங்கே இருக்க வேண்டும். உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்பது முதுமொழி.

இனி, கூட்டம் நடைபெறும் விதத்தைப் பார்ப்போம்.

சபை மாதத்துக்கு ஒரு முறை பொதுக்கூட்டம் கூடுகின்றது. அவசரமாயின் விசேட கூட்டமும் உண்டு. உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தலும் நிகழ்ச்சி நிரலும் போகும். கூட்டம் தொடங்கியதும் சென்ற கூட்டத்தின் அறிக்கை உறுதிப்படுத்தப்படும். இது வெறுஞ் சடங்கென்று எண்ணிவிடக் கூடாது. சென்ற மாதம் எடுத்த தீர்மானம் எழுத்திலே சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் நேரம் அதுவே. பின்னர் தவிசாளரின் அறிவித்தல்கள், கடிதங்கள், குழுக்களின் அறிக்கைகள், கொடுப்பனவுகளுக்கான அங்கீகாரம், உறுப்பினர்களின் பிரேரணைகளும் வினாக்களும் என்று வழமையாகக் காரியம் நடக்கும். கருத்து வேறுபாடு எழுந்தால் வாக்கெடுப்பு நடைபெறும்.

சபையின் உண்மையான வேலையில் பெரும்பங்கு குழுக்களிலேதான் நடைபெறுகின்றது. நிதியும் கொள்கை வகுப்பும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வசதிகளும் என நான்கு குழுக்களைச் சட்டம் குறிப்பிடுகின்றது. இக்குழுக்களில் உறுப்பினர்களோடு, உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளச் சட்டமே இடந்தருகின்றது. இது நம்மில் பலர் அறியாத செய்தி. கணக்குப் படித்த வாலிபர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சுகாதாரத்தில் அனுபவமுள்ள சகோதரி ஆகியோர் தேர்தலில் நில்லாமலே இக்குழுக்களில் அமர்ந்து ஆலோசனை கூற முடியும். 'எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று முறைப்படி எழுதிக் கேட்பதற்கு நாம் முன்வர வேண்டும்.

பொதுமக்கள் கூட்டத்துக்குப் போகலாமா? போகலாம். சபையின் ஒழுங்கு விதிகளுக்கு அமைய, சாதாரண கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை. கூட்டத் திகதியைச் சபைக் காரியாலயத்தில் விசாரித்தறியலாம். இடவசதி குறைவாயிருக்கக் கூடுமாதலால், இன்னார் வருகிறோமென்று செயலாளருக்கு முன்கூட்டி ஒரு கடிதம் அனுப்புவது நன்று. பார்வையாளருக்கென ஒதுக்கிய இடத்தில் அமர்ந்து கேட்கலாம், குறிப்பெடுக்கலாம். ஆனால் எழுந்து பேச முடியாது. கைதட்டுதல், கூச்சலிடுதல், உறுப்பினரை இடைமறித்தல் கூடவே கூடா. ஒழுங்கைக் குலைப்பவரை வெளியேற்றத் தலைமை வகிப்பவருக்கு அதிகாரம் உண்டு.

'பேச முடியாதெனில் போய் என்ன பயன்?' என்று வாலிபர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டுக் கிராம சபையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே ஊராட்சியின் வாக்காளர் அனைவருமே கிராம சபையின் அங்கத்தவர்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு, 2022 முதல் உலக நீர் நாளிலும் உள்ளாட்சி நாளிலும் கூடி, எழுந்து பேசவும் வரவு செலவைக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. நமது பிரதேச சபை அவ்வகையைச் சேர்ந்ததன்று. இது பிரதிநிதிகளின் சபை. இங்கே நமது வாய் உறுப்பினர். நமது பங்கு கண்ணும் காதும்.

கண்ணுக்கும் காதுக்கும் ஆற்றல் இல்லையென்று நினைத்துவிடலாகாது. இங்கிலாந்தில் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிராமப்புறங்களிற் பங்குச் சபைகள் ஏற்பட்டன. ஆயினும், பொதுச் சபைகள் தம் கூட்டங்களுக்கு மக்களையும் பத்திரிகைகளையும் அனுமதிக்க வேண்டுமென்று விரிவான சட்டம் ஒன்று பிறக்க 1960ஆம் ஆண்டாயிற்று. பிற்காலத்தில் பிரதம மந்திரியாக விளங்கிய மார்கரெட் தாட்சர் அம்மையார், பாராளுமன்றத்தில் தமது கன்னிப்பேச்சிலேயே அம்மசோதாவைத் தான் முன்வைத்தார். அவருடைய அரசியலை ஒப்புவோரும் உண்டு, ஒப்பாதாரும் உண்டு. ஆனால் பார்ப்பவர் இருக்கும் சபை ஒரு விதமாகவும், பார்ப்பவர் இல்லாத சபை வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் என்ற உண்மையை மறுப்பார் இலர். வாக்குக் கேட்டு நம் லயத்து வாசலுக்கு வந்தவர், சபையில் வாய் திறக்கிறாரா, நாற்காலியை நிரப்பிவிட்டு வருகிறாரா என்பதை நேரிற் பார்த்தறிவதைவிட நல்ல அரசியற் பாடம் வேறென்ன உண்டு?

பேச விரும்புவதைச் சொல்லவும் வழிகள் உண்டு. ஒன்று, நமது கோரிக்கையை எழுத்தில் தவிசாளருக்கும் செயலாளருக்கும் கொடுத்து, கிடைத்தமைக்குப் பிரதியில் முத்திரை பெற்றுக்கொள்ளல். இரண்டு, வட்டார உறுப்பினரிடம் கூட்டத்துக்கு முன்னரே கொடுத்து, வினாவாகவோ பிரேரணையாகவோ எழுப்பச் சொல்லல். மூன்று, ஆண்டிறுதியில் தயாராகும் வரவு செலவுத் திட்டம் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பார்த்து, விடுபட்டதைச் சுட்டிக்காட்டல். நான்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி முதல் நடைமுறையிலுள்ள இச்சட்டத்தின்படி எந்தப் பிரசையும் சபையிடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க எவருக்கும் அதிகாரமில்லை. கொடுப்பதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்லியாக வேண்டும்.

நமக்குள்ள இடைஞ்சல்களையும் மறைக்க வேண்டியதில்லை. சபை கூடுவது பெரும்பாலும் வேலை நாளில். கொழுந்தெடுக்கும் தாய் ஒருத்தி அன்று மலைக்குப் போகாவிட்டால் ஒரு நாட்பெயர் போயிற்று. பஸ்ஸுக்குக் காசு வேறு. கூட்டத்துக்கு வா என்று அவளிடம் சொல்வது எளிது. அவள் அடுப்பில் அன்று என்ன வேகும் என்று கேட்டுவிட்டுத்தான் அதனைச் சொல்ல வேண்டும். அடுத்தது மொழி. நுவரெலியா, அம்பகமுவ முதலிய பிரிவுகள் 1999ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலால் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாயின. ஆதலால் தமிழிற் கடிதம் எழுதவும் தமிழிற் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை நயமாகவும் உறுதியாகவும் கேட்டுப் பெறுவோம். அதேவேளை, பக்கத்து உறுப்பினர் சிங்களத்திற் பேசுவதை விளங்கிக்கொள்ள நமது வாலிபர் சிங்களம் கற்பதும் நன்மையே. மூன்றாவது இடைஞ்சல் நமது மனத்தில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பிரட்டுக்களத்தில் நின்று, பெயர் கூப்பிட்டால் 'இருக்கேங்க' என்று சொல்லி, சொன்ன மலைக்குப் போய்ப் பழகியவர்கள் நாம். துரை சொல்ல, கணக்கப்பிள்ளை சொல்ல, கங்காணி சொல்லக் கேட்ட காதுக்கு, 'நீ கேள்வி கேட்கலாம்' என்ற சொல் புதிதாகத்தான் இருக்கும். 'நமக்கேன் வம்பு' என்று பெரியோர் ஒதுங்கியதை நாம் குறை கூறவில்லை. கேட்டவர் பட்ட பாட்டை அவர்கள் கண்ணாற் கண்டவர்கள். ஆனால் பிரட்டுக்களம் வேறு, சபை வேறு. அங்கே நாம் கூலிக்காரர். இங்கே நாம் உரிமைக்காரர்.

சபை எப்போதும் இருக்கும் என்றும் எண்ணிவிட முடியாது. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தல் நடைபெறவில்லை. உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்து, 2025 மே 6ஆந் திகதி வாக்களிப்பு நடந்து, யூன் 2ஆந் திகதி புதிய சபைகளின் காலம் தொடங்கும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளில்லாமல் உத்தியோகத்தர்களே சபைகளை நடத்தினார்கள். அக்காலத்தில் பார்க்கப் போவதற்கு உறுப்பினர் கூட்டமே இருக்கவில்லை. இருக்கும்போது பாராதவர் இல்லாதபோது வருந்துவதிற் பயனென்ன?

ஆகவே சங்கத்தின் முன் ஓர் ஒழுங்கை வைக்கின்றோம். பெரிய செலவு எதுவும் இல்லை. மாதந்தோறும் சபைக் கூட்டத்துக்கு மூவரை அனுப்புவோம்: ஒரு பெரியவர், ஒரு வாலிபர், ஒரு சகோதரி. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உள்ளூராட்சி சபைகளில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கையில், பார்வையாளர் வரிசையில் மட்டும் பெண்கள் இல்லாதிருப்பது அழகன்று. முறைவைத்துப் போனால் ஒருவருக்கு ஆண்டில் ஒரு நாளுக்கு மேற் போகாது. அன்றைய பஸ் செலவையும், நாட்சம்பளம் இழப்பவராயின் அதனையும், சங்க நிதியிலிருந்து கொடுப்போம். போகிறவர் கையில் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கட்டும். இன்ன பிரேரணை, கொண்டுவந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார், முடிவு இன்னது, ஒதுக்கிய தொகை இன்னது என்று எழுதட்டும். அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அதனை வாசிப்போம். திருவிழாக் கணக்கு வாசிக்கும் அதே இடத்தில், அதே குரலில்.

அக்குறிப்பில் கட்சி நிறம் கலக்கக் கூடாது. எந்தத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த உறுப்பினராயினும் செய்த நன்மையை நன்மை என்றும், செய்யாததைச் செய்யவில்லை என்றும் எழுதுவோம். நமது பிரதிநிதியும் மனிதரே. 'உங்கள் பேச்சை நேரிற் கேட்டோம், நன்றாயிருந்தது' என்று ஊரார் சொன்னால் அவருக்கு அடுத்த கூட்டத்தில் இன்னும் ஊக்கம் பிறக்கும். பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சகோதரருக்கும் அதே சபைதான், அதே பாதைதான், அதே குப்பைதான். பார்வையாளர் வரிசையில் அவர்களோடு அருகருகே அமர்வதும் ஒரு நல்ல தொடக்கமாகும்.

பெரியோர்களே, நண்பர்களே! ஒரு காலத்தில் சட்டம் நம்மை வாயிலுக்கு வெளியே நிறுத்திற்று. பின்னொரு காலத்தில் உள்ளே விட்டும் பணப்பெட்டியை மூடி வைத்தது. இன்று வாயிலும் திறந்திருக்கிறது. பெட்டியும் நமக்காகத் திறக்கப்படலாம். இனியும் நாம் போகாவிட்டால் அந்தக் குறையைச் சட்டத்தின் மேற் சுமத்த முடியாது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும். வடம் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றது. அடுத்த கூட்டத் திகதியை அறிந்துவர இப்போதே இருவர் பெயர் கொடுங்கள்.